படித்துப் பார்த்த டேப்

உங்களில் பலர், கணினித் தகவலை நகலெடுத்து வைக்கும் டேப்பைக் கையில் தொட்டிருக்க மாட்டீர்கள். உங்கள் தகவலெல்லாம் எங்கோ தொலைவில் உள்ள கணினிகளுக்குத் தானாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. காலையில் வந்து திரையைப் பார்த்தால் பச்சை நிறத்தில் ஒரு அடையாளம் தெரிகிறது, அதோடு அன்றைய கவலை தீர்ந்தது. நல்லதுதான். எங்களுக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் நாங்களும் அதைத்தான் வைத்துக்கொண்டிருப்போம்.

உங்கள் குழுத் தலைவர் என்னை அழைத்து, புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, எதை எழுதுவது என்று நான் யோசிக்கவே இல்லை. என் வேலைக்காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு நாள் இருக்கிறது. அதை அடக்கமாகச் சொல்லும் உத்தேசமும் எனக்கு இல்லை. ஓய்வுபெற்றவளுக்கு இந்தச் சலுகைகூட இல்லையென்றால் எப்படி?

நான் வேலை பார்த்தது புதுக்கோட்டை ஊருக்குச் சற்று வெளியே இருந்த ஒரு புற்றுநோய் மருத்துவமனையில். கணினிப் பிரிவு என்றால் நானும், ஒரு குளிரூட்டிய சிறிய அறையும், அதற்குள் ஒரு யுனிக்ஸ் சர்வரும்தான். அந்த சர்வரில் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கான திட்டங்கள் இருந்தன. எந்தக் கோணத்திலிருந்து, எவ்வளவு அகலத்தில், எவ்வளவு கதிர் பாய வேண்டும் என்று ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டு வைத்திருப்பார்கள். கட்டியின்மேல் படவேண்டும், பக்கத்தில் இருக்கும் தண்டுவடத்தில் படக்கூடாது. அந்தக் கணக்கைப் போட்டவர் எங்கள் மருத்துவ இயற்பியலாளர் கலைச்செல்வி. என்னைவிடச் சில வயது சிறியவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தச் சிகிச்சை ஒரே நாளில் முடிவதில்லை. வாரக்கணக்கில், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பார்கள். நடுவில் இடைவெளி விழுந்தால் கட்டிக்கு மறுபடி வளர நேரம் கிடைத்துவிடும். ஆகவே எங்கள் சர்வர் நின்றுபோய், எல்லாருக்கும் புதிதாக ஸ்கேன் எடுத்துப் புதிதாகக் கணக்குப் போட வேண்டும் என்ற நிலை வந்தால், அது வெறும் அலுவலகத் தொந்தரவாக முடியாது.

அந்த சர்வரில் இரண்டு டிஸ்க்குகள். ஒன்றில் எழுதுவதெல்லாம் மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தால் இன்னொன்று தாங்கும். ஒரு கோடை விடுமுறைக் காலத்தில் அவற்றில் ஒன்று செத்தது. சர்வரை விற்ற நிறுவனத்துக்குச் சொன்னோம். புதிய டிஸ்க் சென்னையிலிருந்து வர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அதை எடுத்துக்கொண்டு திருச்சியிலிருந்து பாஸ்கர் என்ற இன்ஜினியர் ஒரு காலையில் காரில் வந்து இறங்கினார். கெட்டிக்காரர், எப்போதும் சிரித்த முகம். மனைவியையும் மகளையும் கூட அழைத்து வந்து, வழியில் சித்தன்னவாசலில் இறக்கிவிட்டிருந்தார்.

"அரை மணி நேர வேலை மேடம். செத்ததக் கழட்டிட்டு இதச் சொருகினாப் போதும், நல்ல டிஸ்க்குல இருந்து அதுவா காப்பி எடுத்துக்கும். அவங்க ஓவியம் பாத்து முடிக்கிறதுக்குள்ள நான் அங்க நிப்பேன்" என்றார்.

சொருகுவதற்கு முன் நான் வழக்கம்போல் சர்வரின் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பப்பட்ட அந்த மிச்சமிருந்த டிஸ்க்கைப் பற்றிச் சில வரிகள் இருந்தன. ஓர் இடத்தைப் படிக்க முடியவில்லை, மறுபடி முயன்றதில் படிக்க முடிந்தது என்று சொன்ன வரிகள். பாஸ்கரிடம் காட்டினேன்.

"இது சாதாரணம் மேடம். திரும்பப் படிச்சதும் வந்துருச்சு பாருங்க. டிஸ்க்குன்னா இதெல்லாம் இருக்கும்."

அவர் பொய் சொல்லவில்லை. நான் பார்த்த மற்ற டிஸ்க்குகளிலும் அப்படி வரிகள் வருவதுண்டு. ஆனால் இந்த டிஸ்க்கில் நேற்றுவரை அவை வந்ததில்லை. தினமும் பார்த்தவள் என்பதால் எனக்குத் தெரியும். ஒரு இயந்திரத்தின் பதிவுகளைத் தினமும் படியுங்கள் என்று நான் உங்களிடம் சொல்வதற்குக் காரணம் இதுதான். கோளாறு வரும் நாளில் மட்டும் படித்தால் எது புதியது, எது பழையது என்று தெரியாது.

உட்கார்ந்து யோசித்தேன். புதிய டிஸ்க்குக்குக் காப்பி எடுக்க வேண்டுமென்றால் இந்தப் பழைய டிஸ்க்கை முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். டேப்பில் முழு பேக்கப் எடுப்பதற்கும் அதே படிப்புத்தான். ஆக, ஆபத்து இரண்டிலும் ஒன்றுதான். வேறுபாடு எங்கே என்றால், காப்பி ஓடும்போது பாதியில் டிஸ்க் செத்தால் கையில் மிஞ்சுவது அரைகுறையாக நிரம்பிய, யாருக்கும் பயன்படாத இன்னொரு டிஸ்க். டேப்பில் எடுத்தால், எதை முதலில் எடுப்பது என்பதை நான் தீர்மானிக்கலாம். நோயாளிகளின் திட்டங்களை முதலில் ஒரு தனி டேப்பில் எடுத்துவிட்டு, அது பத்திரமானபின் முழு சர்வரையும் இன்னொரு டேப்பில் எடுக்கலாம். அதற்குப் பிறகு டிஸ்க்கைத் தொடலாம்.

ஆனால் முழு பேக்கப் எடுக்கும்போது சர்வரில் வேறு யாரும் வேலை செய்யக்கூடாது. மதியம் வரிசையில் இருக்கும் நோயாளிகள் என்ன ஆவார்கள்? கலைச்செல்வியின் அறைக்குப் போனேன்.

"கலை, கதிர் மெஷின் ஓடுறதுக்கு சர்வர் வேணுமா?"

"வேணாம்க்கா. ஆனா எல்லா நம்பரையும் கையால அடிக்கணும். ஏன், என்னாச்சு?"

சொன்னேன். அவர் முகம் மாறியது. ஒரு எண் தப்பாக விழுந்தால் என்ன ஆகும் என்று என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"மதிய ஆளுக எல்லாரோட பிளானையும் இப்பவே பிரிண்ட் எடுத்துர்றேன். ஒருத்தர் வாசிக்கணும், ஒருத்தர் அடிக்கணும், அடிச்சத இன்னொருத்தர் பாக்கணும். ரொம்ப மெதுவாப் போகும்க்கா."

"மெதுவாப் போகட்டும். நிக்காமப் போனாச் சரி."

அச்சிட்டு முடித்தபின் சர்வரிலிருந்து எல்லாரையும் வெளியேற்றினேன். சற்று நேரத்தில் எங்கள் பெரிய டாக்டர் வந்து நின்றார். மருத்துவமனையின் பொறுப்பு அவரிடம்தான்.

"என்ன வசந்தா, டிஸ்க் மாத்த வந்தவர சும்மா உக்கார வெச்சிருக்கீங்களாமே? வெளிய கூட்டம் சேருது."

"டேப் எடுத்துட்டு மாத்தலாம் சார். மிச்சம் இருக்கிற டிஸ்க்கும் சரியில்லன்னு தோணுது."

"தோணுதா, தெரியுமா?"

"தெரியாது சார். தோணுது."

அவர் பாஸ்கரைப் பார்த்தார். பாஸ்கர் சங்கடமாகச் சிரித்தார். "பொதுவா ஒண்ணும் ஆகாது சார்" என்றார்.

"நீங்க சொல்றது நடக்கலேன்னா?" என்று டாக்டர் என்னிடம் கேட்டார்.

"அரை நாள் வீணாப் போச்சுன்னு நீங்க என்னத் திட்டலாம் சார்."

"நடந்துச்சுன்னா?"

நான் முதல் டேப்பை எடுத்து டேப் டிரைவில் சொருகினேன். டாக்டர் வாசல்வரை போய்த் திரும்பினார். "அப்பப்ப எனக்குச் சொல்லிட்டே இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மேலதிகாரி என்றால் இப்படி ஒருவர் வாய்க்க வேண்டும். வாய்க்காவிட்டாலும், திட்டு வாங்கத் தயார் என்ற அதே பதிலைத்தான் நீங்கள் சொல்ல வேண்டும்.

திட்டங்களை எடுத்த முதல் டேப் சீக்கிரம் முடிந்தது. அதைத் திரும்பப் படிக்க வைத்தேன், முழுதாக வந்தது. எடுத்து என் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். இரண்டாவது, முழு சர்வருக்கான டேப்பைச் சொருகிவிட்டு வெளியே வந்தபோது, கூடத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டார். வல்லத்திராக்கோட்டையிலிருந்து தினமும் கணவரை அழைத்து வரும் சின்னப்பொண்ணு. கணவர் கருப்பையாவுக்குத் தொண்டையில் கட்டி. சிகிச்சை பாதியைத் தாண்டியிருந்தது. அவரால் பேச முடியாது, எச்சில் விழுங்கவே சிரமம். அவருக்கும் சேர்த்து இவர்தான் பேசுவார்.

"என்ன தாயி, மெஷினு ரிப்பேரா?"

"இல்லம்மா. மெஷின் ஓடுது. கம்ப்யூட்டர்ல ஒரு வேலை நடக்குது, அதான் மெதுவாப் போகுது."

"இவுகளுக்கு இன்னிக்கு உண்டா இல்லயா, அதச் சொல்லுங்க. இல்லேன்னா நாங்க போறோம். கடலக் கொல்லையில ஆளு விட்டுட்டு வந்துருக்கேன். இங்கிட்டு ஒக்காந்து என்ன செய்யிறது?"

"உண்டும்மா. நேரமானாலும் உண்டு. போயிறாதீங்க."

கருப்பையா மனைவியின் கையைத் தொட்டு, இருக்கலாம் என்பதுபோல் தலையசைத்தார். சின்னப்பொண்ணு முணுமுணுத்துக்கொண்டே முந்தானையால் விசிறிக்கொண்டார்.

பழைய டிஸ்க் தாங்கியது. முழு பேக்கப் எழுதி முடிந்து, எல்லாம் சரி என்று திரையில் செய்தி வந்தது. பாஸ்கர் நிம்மதியாக எழுந்து டிஸ்க் பெட்டியைப் பிரிக்கப் போனார்.

"இருங்க. இதையும் படிச்சுப் பாத்துருவோம்."

"மேடம், சரியா எழுதிருச்சுன்னு அதுவே சொல்லுதே. படிக்கிறதுக்கும் எழுதின நேரம் ஆகும்."

"ஆகட்டும்."

அதற்குள் அவர் போன் அடித்தது. சித்தன்னவாசலிலிருந்து மனைவி. பாறை கொதிக்கிறது, குழந்தைக்குப் பசிக்கிறது என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. பாஸ்கர் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. மருத்துவமனை வேன் டிரைவரிடம் சொல்லி, அவர்களை அழைத்து வரச் சொன்னேன். வந்ததும் கேன்டீனில் உட்கார வைத்துச் சாப்பாடு கொடுக்கும்படியும் சொல்லி அனுப்பினேன்.

டேப் பாதிக்குமேல் ஓடியிருக்கும். டிரைவிலிருந்து ஒரு இழுவைச் சத்தம். முன்னும் பின்னுமாக அது தவித்தது. பிறகு நின்றுவிட்டது. இந்த இடத்துக்குமேல் படிக்க முடியவில்லை என்று திரை சொன்னது.

நான் சொன்னேன் பார்த்தீர்களா என்ற எண்ணமெல்லாம் எனக்கு வரவில்லை. எழுதி முடித்தேன் என்று சொன்ன டேப், எழுதாத டேப்பைவிட மோசமானது. எழுதாததை நம்பி யாரும் டிஸ்க்கைக் கழற்ற மாட்டார்கள்.

பாஸ்கர் எழுந்து வந்து திரையைக் குனிந்து பார்த்தார். அதன்பிறகு அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. "டிரைவ்ல டேப்பப் படிக்கிற ஹெட்டு அழுக்கா இருக்கலாம் மேடம். கிளீனிங் டேப் இருக்கா?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அவரே சுத்தம் செய்தார். பிரிக்காத புதிய டேப் ஒன்றின் உறையையும் அவரே கிழித்தார்.

டாக்டர் மறுபடி வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"நோயாளிங்க பிளான் எல்லாம் தனியா ஒரு டேப்ல பத்திரமா இருக்குன்னீங்கல்ல? அப்புறம் எதுக்கு முழுசும் மறுபடி?"

நியாயமான கேள்வி. உங்களிடமும் இதையே கேட்பார்கள். தகவல் இருக்கிறதே, போதாதா என்று.

"அதுல பிளான் மட்டும்தான் சார் இருக்கு. அதத் தொறந்து படிக்கிற புரோகிராம் இல்ல. நம்ம மெஷினுக்குன்னு கலை மாசக்கணக்கா அளந்து ஏத்தின கணக்கு இல்ல. சர்வர் போச்சுன்னா கம்பெனி ஆள் வந்து எல்லாத்தையும் முதல்ல இருந்து ஏத்தணும். எப்ப வருவாங்கன்னு நமக்குத் தெரியாது. அதுவரைக்கும் அந்த டேப்ப வெச்சுக்கிட்டு நாம என்ன செய்யிறது?"

அவர் வெளியே கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். "சரி, எடுங்க" என்றார்.

மறுபடி முதலிலிருந்து. அந்த நலிந்த டிஸ்க்கை இன்னொரு தடவை முழுக்கப் படிக்க வைக்கிறோமே என்ற பயம் எனக்கு இருந்தது. அதன் மிச்ச ஆயுளை நானே செலவழிக்கிறேனோ என்று தோன்றியது. ஆனால் வேறு வழியைப் பற்றி யோசித்துப் பார்த்தேன், எல்லா வழியும் இதைவிட மோசமாக இருந்தது. அழுத்தத்தில் எடுக்கும் முடிவு என்றால் பெரும்பாலும் இதுதான். நல்ல வழி என்று ஒன்று இருக்காது. இருப்பதில் எது குறைந்த கெடுதல் என்று பார்த்து, எடுத்தபின் அதில் நிற்க வேண்டும்.

எழுதி முடிந்தது. படிக்க வைத்தோம். பழைய டேப் நின்ற இடம் வந்ததும் நானும் பாஸ்கரும் திரையருகே குனிந்தோம். இது நிற்கவில்லை. கடைசிவரை ஓடி முடித்தது. அதோடும் நான் விடவில்லை. டேப்பிலிருந்து ஒரே ஒரு நோயாளியின் திட்டத்தை மட்டும் தனியாக மீட்டு எடுத்து, கலைச்செல்வியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கருப்பையாவின் திட்டம். அவர் தன் கையில் இருந்த அச்சுத் தாளோடு எண் எண்ணாக ஒப்பிட்டார்.

"சரியா இருக்குக்கா."

"பாஸ்கர், இப்ப மாத்துங்க" என்றேன்.

செத்த டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதியதைச் சொருகினார். பழைய டிஸ்க்கிலிருந்து காப்பி ஓடத் தொடங்கியது. வேன் போய் அவர் மனைவியையும் மகளையும் அழைத்து வந்திருந்தது. அவர்களைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொன்னேன். இருக்கட்டும் மேடம் என்று அங்கேயே நின்றார்.

கொஞ்ச நேரம்தான். சர்வருக்குள் 'டிக், டிக்' என்று நகத்தால் தட்டுவதுபோல் ஒரு சத்தம். பாஸ்கரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை. திரை உறைந்தது. சத்தம் நின்றது. பழைய டிஸ்க் செத்துவிட்டது. புதிய டிஸ்க்கில் அரைகுறை. மருத்துவமனையின் எல்லா நோயாளிகளுக்குமான கணக்கு அந்த இயந்திரத்துக்குள் எங்குமே இல்லை.

பாஸ்கரின் உதடு வெளுத்துப்போயிருந்தது. "மேடம், காலையிலயே நான் சொருகியிருந்தா..." என்றார்.

"சொருகலல்ல? டேப்ப எடுங்க."

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டேப்பைப் படித்துப் பார்த்திருந்தோமே தவிர, அதிலிருந்து ஒரு வெற்று இயந்திரத்தை உயிர்ப்பித்துப் பார்த்ததில்லை. அதைச் சோதிக்க எங்களிடம் இன்னொரு இயந்திரம் கிடையாது. சர்வரை அணைத்து, டிஸ்க்குக்குப் பதில் டேப்பிலிருந்தே இயங்கத் தொடங்கும்படி சொல்லிப் போட்டோம். டேப் சுழன்றது. திரையில் வெகு நேரம் ஒன்றுமே வரவில்லை. பாஸ்கர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு வரி வந்தது. அதற்குப் பின் இன்னொன்று. புதிய டிஸ்க்கில் எழுதத் தொடங்குகிறேன் என்று அது சொன்னபோது, நான் அன்று முதல்தடவையாகத் தண்ணீர் குடித்தேன்.

அதே நேரத்தில் பக்கத்துக் கட்டடத்தில் கலைச்செல்வி எண்களை வாசிக்க, ஒருவர் அடிக்க, ஒருவர் சரிபார்க்க, நோயாளிகள் ஒவ்வொருவராக உள்ளே போய் வந்துகொண்டிருந்தார்கள். வரிசையில் ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. கருப்பையாவின் முறை வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டிருந்தது.

வெளியே விளக்குப் போடும் வேளைக்கு, எங்கள் சர்வர் வழக்கமாகக் காட்டும் அதே திரையைக் காட்டி, பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. காலையில் நாங்கள் விட்ட இடத்தில், விட்ட மாதிரியே. அடித்து உள்ளே போனேன். எல்லாம் இருந்தது. பாஸ்கர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். டாக்டர் வந்து பார்த்தார். அவர் பாராட்டிப் பேசுகிறவர் அல்ல. கேன்டீனுக்குப் போன் போட்டு எல்லாருக்கும் டீ கொண்டுவரச் சொன்னார். பாஸ்கரின் மகளுக்கு பிஸ்கட்டும் சொன்னார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களோடு உட்கார்ந்துவிட்டார். அவர் அந்த அறையில் உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கலைச்செல்வி மட்டும் டீயைத் தொடவில்லை. தனக்கு விடை தெரிந்த ஒரு பழைய கணக்கை சர்வரில் போட்டு, அதே விடை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துருச்சுன்னுதான் தெரியுதே கலை, டீயக் குடி" என்றேன்.

"நீங்க டேப்பப் படிச்சுப் பாக்காம விட்டீங்களாக்கா? நானும் பாத்துட்டுத்தான் நம்புவேன்."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய மரியாதை அந்த வாக்கியம்தான். விடை சரியாக வந்த பிறகுதான் அவர் டீயை எடுத்தார். அது ஆறிப்போயிருந்தது.

உங்கள் தொழில்நுட்பம் வேறு, எங்களுடையது வேறு. நீங்கள் நம்பி நிற்கும் இயந்திரம் எந்த நாட்டில் இருக்கிறது என்றுகூட உங்களுக்குத் தெரியாது. ஆனாலும் ஒருநாள் உங்கள் பக்கத்தில் ஒரு கெட்டிக்காரர் நின்று, பொதுவாக ஒன்றும் ஆகாது என்று சொல்வார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். வெளியே கூட்டம் சேரும், மேலே இருப்பவர் வந்து கேட்பார். அப்போது உங்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எடுத்து வைத்திருக்கிறோம் என்று நாம் சொல்வதை, நாமே ஒரு தடவையாவது திரும்பப் படித்திருக்கிறோமா? இல்லையென்றால் அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள்.

மறுநாள் காலை நான் வந்தபோது, முந்தின நாள் தாமதத்துக்காக முதல் ஆளாக வரச் சொல்லியிருந்த கருப்பையாவும் சின்னப்பொண்ணும் வரிசையில் முதலில் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா எழுந்துகொண்டார்.

"நேத்துப் பொழுதன்னிக்கும் ஒக்கார வெச்சுப்புட்டீங்களே, தாயி. வீட்டுக்குப் போயி சேர ராத்திரியாயிப்போச்சு. இவுகளுக்கு இடுப்பு முறிஞ்சுபோச்சு. இப்புடியா ஆசுபத்திரி நடத்துறது?"

"தப்புதாம்மா. இன்னிக்கு நேரத்துக்கு விட்டுருவாங்க."

"ஆமா, நீங்க சொல்லுவீக."

அவர் சொல்லி முடிக்கும் முன் உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். கருப்பையா எழுந்து போனார். கனமான கதவு மூடி, மேலே, கதிர் பாய்கிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. சின்னப்பொண்ணு சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் அவர் பக்கத்தில் நின்றேன். விளக்கு அணைந்து, அவர் கணவர் நடந்து வெளியே வரும்வரை நின்றுவிட்டு, அதற்குப் பிறகு என் அறைக்குப் போய் அன்றைய பதிவுகளைப் படிக்க உட்கார்ந்தேன்.